பட்டியலில் நிற்கும் 2703: பழைய மெயின்பிரேமுக்கு வலையமைப்பு தெரியுமா?

கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ கணினி படிக்கும் ஒருவர், ஹெர்குலீஸ் என்ற மென்பொருளைத் தன் மடிக்கணினியில் நிறுவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1999இல் ரொஜர் பௌலர் எழுதத் தொடங்கிய அந்த மென்பொருள், ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம்/370 வகை மெயின்பிரேம் (பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் பெருங்கணினி) போல நடந்துகொள்ளும். அதற்குள் எம்.வி.எஸ். 3.8 என்ற பழைய பணிசெயல் முறைமை ஓடும். பதிப்புரிமை கோரப்படாமல் வெளிவந்த காலத்து முறைமை என்பதால் உரிமக் கட்டணம் இல்லை. ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணைய இணைப்பும் வேண்டாம். மின்சாரம் நின்றாலும் பற்றரி தாங்கும் வரை ஒரு மெயின்பிரேம் மேசையில் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்து அவர் அந்த முறைமை அறிந்த சாதனங்களின் பட்டியலைத் திறக்கிறார். 2701, 2702, 2703, 3704, 3705 என்று எண்கள் வரிசையாக நிற்கின்றன. இன்று கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஈதர்நெட் என்ற முறையின் பெயரைக் காணவில்லை. ஐ.பி. முகவரி எழுத இடமில்லை. ஒரு குறிப்பு "இந்த முறைமைக்கு வலையமைப்பே கிடையாது" என்கிறது. இன்னொன்று "நூற்றுக்கணக்கான முனையங்கள் (கணினியோடு பேசும் திரைகளும் தட்டச்சுப் பொறிகளும்) தொலைதூரத்திலிருந்து இதில் இணைந்திருந்தன" என்கிறது. எது சரி?

இரண்டும் சரி. அது எப்படி என்று புரிய, "வலையமைப்பு ஆதரவு" என்ற சொல்லை நாம் இன்று புரிந்துகொள்ளும் விதத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும்.

வன்னியில் இதற்கு இன்னொரு தடையும் உண்டு. போர்க்காலத்தில் இங்கே ஒரு தலைமுறை தொலைபேசிக் கம்பியைக் காணாமலே வளர்ந்தது. 2009க்குப் பின் மீளக் குடியேறிய பெரும்பாலான வீடுகளுக்குள் முதலில் வந்தது கைத்தொலைபேசிதான். மோடத்தின் கீச்சொலியைக் கேட்டு, இணைப்பு ஏற்படக் காத்திருந்த அனுபவம் இங்குள்ள இளையவர்களுக்கு இல்லை. பழைய மெயின்பிரேமின் வலையமைப்போ முழுக்க முழுக்கக் கம்பியின் கதை. ஆகவே கம்பிக்கும் முன்னால், கணினியின் வாசலில் இருந்து தொடங்குவோம்.

வாய்க்கால் என்றால் என்ன?

சிஸ்டம்/370க்கு முன்னோடியாக 1964 ஏப்ரலில் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 குடும்பத்தில், மையச் செயலி எந்த வெளிச் சாதனத்தோடும் நேரடியாகப் பேசுவதில்லை. இடையில் 'சனல்' என்ற தனிப் பகுதி இருந்தது. அதற்கு வாய்க்கால் என்ற நம் சொல் அப்படியே பொருந்துகிறது. பெயரில் மட்டுமல்ல, வேலை செய்யும் முறையிலும்.

இரணைமடுக் குளத்தின் துருசைத் திறந்து வயலுக்கு நீர் விடும் முறையை எண்ணிப் பாருங்கள். எந்தக் கண்டத்துக்கு எவ்வளவு நீர், அதன் பின் எந்தக் கண்டம் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். முடிவெடுத்தவர்கள் வாய்க்கால் கரையில் நின்று ஒவ்வொரு வாளி நீரையும் எண்ணுவதில்லை. துருசடியில் நிற்பவரிடம் ஒழுங்கைக் கொடுத்துவிட்டுத் தங்கள் வேலைக்குப் போகிறார்கள். நீர் பாய்ந்து முடிந்ததும், அல்லது எங்காவது வரம்பு உடைந்ததும், அவர்களுக்குத் தகவல் வருகிறது.

மெயின்பிரேமும் இதைத்தான் செய்கிறது. செயலி, கட்டளைகளை நினைவகத்தில் வரிசையாக எழுதிவைக்கிறது. ஒவ்வொரு கட்டளையும் எட்டு பைட் நீளம். என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு பைட். தரவு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்பதற்கு மூன்று பைட். எத்தனை பைட்டுகளை நகர்த்த வேண்டும் என்பதற்கு இரண்டு பைட். அடுத்த கட்டளையையும் தொடர்ந்து செய் என்பது போன்ற குறிகளுக்கு எஞ்சிய இடம். "தொடங்கு" என்று ஒரே ஓர் ஆணையைக் கொடுத்துவிட்டுச் செயலி விலகிவிடும். மற்றதெல்லாம் வாய்க்காலின் பொறுப்பு. முடிந்ததும் ஓர் இடைமறிப்புச் செய்தி செயலியைத் தட்டி எழுப்பும்.

அந்த ஆணை ஒரு முகவரிக்குப் போகிறது. பதினாறின் அடிப்படையில் எழுதிய மூன்று இலக்கங்கள் அந்த முகவரி. முதல் இலக்கம் எந்த வாய்க்கால் என்பதைச் சொல்லும். மற்ற இரண்டும் அந்த வாய்க்காலில் எந்தச் சாதனம் என்பதைச் சொல்லும். வாய்க்காலின் மறுமுனையில் கட்டுப்பாட்டு அலகு என்ற பெட்டி நிற்கும். தடித்த இரட்டைக் கேபிள்கள் அதைக் கணினியோடு இணைக்கும்.

இங்கேதான் முழுப் புதிரின் திறவுகோல் கிடக்கிறது. பணிசெயல் முறைமைக்குத் தெரிவது அந்த முகவரியும், அதிலிருந்து வரும் பதில்களும் மட்டுமே. பெட்டிக்கு அப்பால் இருப்பது வட்டா, அச்சுப்பொறியா, கடல் தாண்டிய தொலைபேசிக் கம்பியா என்பதை அதனால் பார்க்க முடியாது. பதில்கள் ஒழுங்காக வந்தால், சொன்ன சாதனம் அங்கே இருக்கிறது என்றே அது கொள்ளும்.

ஒரு கம்பிக்கு ஒரு முகவரி

2701, 2702, 2703 ஆகிய மூன்றும் தொலைபேசிக் கம்பிகளை வாய்க்காலோடு பொருத்திய கட்டுப்பாட்டுப் பெட்டிகள். மூன்றில் பெரியது 2703. அது 176 கம்பிகள் வரை தாங்கும். அவற்றில் ஒவ்வொரு கம்பியும் கணினிக்குத் தனித்தனிச் சாதனம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி.

இன்றைய பழக்கத்தில் நமக்கு இது விநோதமாகப் படும். நம் கைத்தொலைபேசியில் வலையமைப்பு என்பது ஒரே ஒரு வாசல். ஆயிரம் இடங்களோடு பேசினாலும் எல்லாப் பொட்டலங்களும் அந்த ஒரு வாசலால்தான் போய்வரும். யாருக்கு எது என்பது பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும். 2703 காலத்தில் பொட்டலத்தின் மேல் எதுவும் எழுத வேண்டியதில்லை. எந்தக் கம்பியால் வந்ததோ, அந்தக் கம்பியே அனுப்பியவரின் அடையாளம்.

கட்டளைகளும் தொலைபேசியின் இயல்புக்கு ஏற்றபடி அமைந்திருந்தன. 'இயலச்செய்' என்றொரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தால், யாராவது அந்த எண்ணுக்கு அழைக்கும் வரை கட்டளை முடியாமல் காத்துக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடமானாலும் ஐந்து மணி நேரமானாலும் அது நிலுவையில் நிற்கும். செயலிக்கு அதனால் சுமை எதுவுமில்லை. 'டயல்' கட்டளை கணினியே வெளியே அழைப்பதற்கு. 'ஆயத்தமாகு' என்பது எதிர்முனை பேசத் தொடங்கும் வரை செவிமடுத்திருப்பதற்கு. ஏதாவது பிழைத்தால் பெட்டியிடம் காரணம் கேட்கலாம். அது ஒரு பைட்டில் பதில் சொல்லும். அதில் உள்ள எட்டு பிட்டுகளும் எட்டுக் காரணங்கள்: கட்டளை ஏற்கப்படவில்லை, ஆள் தலையீடு தேவை, தரவுப் பிழை, நேரம் கடந்துவிட்டது என்பன போல.

A என்று அனுப்பினால் b என்று வருவது ஏன்?

இந்தப் பெட்டிகளைப் பரிசோதிப்போர் பலர் சிக்கிக்கொள்ளும் இடம் இது. சற்று நின்று பார்ப்பது பயன் தரும்.

டெலிடைப் போன்ற தட்டச்சு முனையங்கள் ஆஸ்கி குறிமுறையில் எழுத்துகளை அனுப்பின. ஐ.பி.எம். மெயின்பிரேம் எப்சிடிக் என்ற வேறொரு குறிமுறையைப் பயன்படுத்தியது. இந்த வேறுபாட்டைப் பலர் அறிவர். அதிகம் அறியப்படாதது பிட்டுகளின் வரிசை. தட்டச்சு முனையம் ஒவ்வோர் எழுத்தின் கடைசி பிட்டையே முதலில் கம்பியில் விடும். 2703 பெட்டியோ, முதலில் வந்த பிட்டைப் பைட்டின் இடது ஓரத்தில் வைத்துவிடும். ஆக, நினைவகத்தைச் சேரும்போது ஒவ்வொரு பைட்டும் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பியிருக்கும்.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம்.

1. ஆஸ்கியில் பெரிய A என்பது 0100 0001. ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டை எண்ணாக வரும்படி முன்னால் சேர்க்கும் பிட்டே இரட்டைச் சமநிலை பிட். A இல் ஏற்கெனவே இரண்டு ஒன்றுகள் இருப்பதால், அது பூச்சியமாகவே இருக்கும். திருப்பினால் 1000 0010. பதினாறின் அடிப்படையில் 82. எப்சிடிக்கில் 82 என்பது சிறிய b.

2. சிறிய c என்பது 0110 0011. திருப்பினால் 1100 0110, அதாவது C6. எப்சிடிக்கில் அது பெரிய F.

3. பெரிய C என்பதற்கு ஏழு பிட்டில் மூன்று ஒன்றுகள். சமநிலை பிட் ஒன்றாகிறது. மொத்தம் 1100 0011. இதைத் திருப்பினாலும் அதே 1100 0011தான். எப்சிடிக்கில் அந்த C3 என்பதும் பெரிய C!

மூன்றாவது உதாரணம்தான் ஆபத்தானது. ஒருவர் C என்ற விசையை மட்டும் அழுத்திப் பார்த்து, நினைவகத்திலும் C என்றே கண்டு, "குறிமுறை மாற்றம் சரியாக நடக்கிறது" என்று முடிவு கட்டிவிடலாம். உண்மையில் எந்த மாற்றமும் நடந்திருக்காது. இரண்டு குறிமுறைகளும் கண்ணாடித் திருப்பமும் அந்த ஓர் எழுத்தில் தற்செயலாகச் சந்தித்திருக்கின்றன, அவ்வளவே. எழுத்துவரிசை முழுவதையும் அனுப்பிப் பார்க்காமல் எதையும் நம்பக்கூடாது.

இதைச் சரிசெய்வது பெட்டியின் வேலையாகக் கருதப்படவில்லை. மென்பொருளின் வேலையாகக் கருதப்பட்டது. 256 இடங்கள் கொண்ட ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு, சிஸ்டம்/360இன் மொழிபெயர்ப்புக் கட்டளை ஒன்றினால் ஒரு வரியை முழுமையாக மாற்றிவிடலாம். திருப்புதலும் குறிமுறை மாற்றமும் அந்த ஒரே அட்டவணையில் அடங்கிவிடும். 2741 போன்ற முனையங்களுக்கு ஆஸ்கியும் அல்லாத, எப்சிடிக்கும் அல்லாத மூன்றாவது குறிமுறை இருந்தது. அதற்கு இன்னோர் அட்டவணை.

3705: பெட்டிக்குள் ஒரு கணினி

1972இல் வந்த 3705 நிலைமையை மாற்றியது. வெளியே பார்த்தால் அதுவும் கம்பிகளைத் தாங்கும் பெட்டிதான். உள்ளே அது தன் நினைவகமும் கட்டளைத் தொகுதியும் கொண்ட ஒரு கணினி. அதற்குரிய நிரலை மெயின்பிரேமே வாய்க்கால் வழியாக அதற்குள் ஏற்றிவைக்கும். எந்த நிரலை ஏற்றுகிறோமோ அதற்கேற்ப அதன் குணம் மாறும்.

முதல் வகை நிரலை ஏற்றினால், 3705 தன்னை 2701ஆகவோ 2702ஆகவோ 2703ஆகவோ காட்டிக்கொள்ளும். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். சிலிண்டருக்குள் வருவது பெற்றோலா மண்ணெண்ணெயா என்று இயந்திரம் கேட்காது, எரிந்தால் சுற்றும். மெயின்பிரேமும் அப்படியே. 2703 சொல்ல வேண்டிய பதில்கள் 2703 சொல்லும் முறையில் வந்தால் அதற்குப் போதும். பழைய நிரல்களில் ஒரு வரியைக்கூட மாற்றாமல் புதிய பெட்டிக்கு மாற இந்த வழி உதவியது.

இரண்டாவது வகை, வலையமைப்புக் கட்டுப்பாட்டு நிரல். இதை ஏற்றியதும் கம்பிகளெல்லாம் மெயின்பிரேமின் பார்வையிலிருந்து மறைந்துவிடும். 3705 மொத்தமும் ஒரே சாதன முகவரியாகச் சுருங்கும். எந்தக் கம்பியில் யார் இருக்கிறார், யாரிடம் அனுப்ப ஏதாவது உண்டா என்று ஒவ்வொருவராகக் கேட்பது, பிழைத்ததைத் திரும்ப அனுப்புவது எல்லாம் அந்தப் பெட்டியின் பொறுப்பு. மெயின்பிரேமுக்கும் பெட்டிக்கும் இடையே செல்லும் செய்தியின் தலைப்பில், யாருக்கு என்ற விபரம் எழுதப்பட்டிருக்கும். 1974இல் ஐ.பி.எம். அறிவித்த எஸ்.என்.ஏ. என்ற வலையமைப்புக் கட்டமைப்பு இந்த அடித்தளத்தில்தான் எழுந்தது. நாம் இன்று வலையமைப்பு என்று சொல்லும் பொருளுக்கு முதலில் நெருங்கி வருவது இதுவே. ஆனால் இதன் மொழி வேறு. ஈதர்நெட்டும் இன்றைய இணையத்தின் மொழியான ரி.சி.பி./ஐ.பி.யும் இதற்குத் தெரியாது.

மூன்றாவதாக, சில கம்பிகளைப் பழைய முறையிலும் சில கம்பிகளைப் புதிய முறையிலும் ஒரே நேரத்தில் நடத்தும் கலப்பு நிரலும் இருந்தது. பட்டியலில் 2703 என்ற எண்ணைக் கண்டதும் அங்கே 2703 பெட்டி நின்றது என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2703 என்பது ஒரு பெட்டியின் பெயராகப் பிறந்து, பேசும் முறை ஒன்றின் பெயராக நிலைத்துவிட்டது.

"ஆதரவு" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு படிகள்

இன்று ஒரு சாதனத்துக்கு 'டிரைவர்' இருக்கிறதா இல்லையா என்று கேட்டால், ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும். மெயின்பிரேமில் அந்தக் கேள்வியை நான்காகப் பிரிக்க வேண்டும்.

1. முகவரிப் படி. முறைமையை உருவாக்கும்போதே ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பதிவு நினைவகத்தில் செய்யப்படும். பதிவு இல்லாத முகவரியோடு முறைமை பேசாது. புதிய சாதனம் சேர்க்க, சாதன வரிகளைத் திருத்தி முறைமையின் அந்தப் பகுதியைத் திரும்ப உருவாக்க வேண்டும். முதல் கட்டம் வேலைப் பட்டியலைத் தயாரிக்கும். இரண்டாம் கட்டம் அந்த வேலைகளைச் செய்யும். இன்றைக்கு ஒரு யு.எஸ்.பி. சாதனத்தைச் செருகுவது போன்ற காரியம் அல்ல இது.

2. பிழை கையாளும் படி. பெட்டி "ஏதோ பிழை" என்று கூறினால் என்ன செய்வது? திரும்ப முயல்வதா, இயக்குநரை அழைப்பதா, கைவிடுவதா? ஒவ்வொரு சாதன வகைக்கும் இதற்கெனத் தனி வழக்கம் எழுதப்பட்டிருக்கும்.

3. அணுகு முறைப் படி. நிரல் எழுதுபவர் எட்டு பைட் கட்டளைகளைத் தானே கோக்காமல் "படி", "எழுது" என்று சொல்ல உதவும் பகுதி இது. பி.ரி.ஏ.எம்., கியூ.ரி.ஏ.எம்., ரி.சி.ஏ.எம்., வி.ரி.ஏ.எம். என்று வெவ்வேறு தலைமுறைகள் வந்தன. ஒன்றுக்குத் தெரிந்த சாதனம் இன்னொன்றுக்குத் தெரியாமலிருக்கலாம்.

4. பயன்பாட்டுப் படி. முனையத்தின் முன் இருப்பவருக்கு உண்மையில் வேலை செய்து கொடுக்கும் நிரல்.

முதல் படி மட்டும் நிறைவேறி, மற்ற மூன்றும் இல்லாமல் ஒரு சாதனம் பட்டியலில் நிற்கலாம். வேண்டுமென்றே அப்படிச் செய்ய ஒரு வழியும் வைத்திருந்தார்கள். 'டம்மி' என்ற வகையாக ஒரு முகவரியைப் பதிவு செய்துவிட்டால், முறைமை அந்தச் சாதனத்தைப் பற்றி எதுவும் தெரியாமலே அதற்கு ஓர் இடம் ஒதுக்கிவிடும். பிறகு நிரல் எழுதுபவர் தன் கட்டளை வரிசையைத் தானே தயாரித்து, "இதை அப்படியே வாய்க்காலுக்குக் கொடு" என்று முறைமையிடம் கேட்கலாம். இந்த ஒரு கதவைத் திறந்து வைத்ததுதான், ஐ.பி.எம். நினைத்தும் பாராத சாதனங்கள் மெயின்பிரேமோடு பேசக் காரணமாயிற்று என்பது என் உறுதியான கருத்து.

பட்டியலில் இல்லாமலே உள்ளே வந்தவை

1960களின் பிற்பகுதியில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, டி.ஈ.சி. நிறுவனத்தின் சிறிய பி.டி.பி.-8 கணினியை ஐ.பி.எம். வாய்க்காலோடு பொருத்தியது. பலவகைத் தட்டச்சு முனையங்களைத் தாங்கும் தரவுக் குவிப்பி அது. அந்த வேலையில் முன்னின்றவர் டேவிட் மில்ஸ். பின்னாளில் இணையத்தில் கடிகாரங்களை ஒத்திசைக்கும் என்.ரி.பி. நெறிமுறையை உருவாக்கியவரும் அவரே. இன்று நம் கைத்தொலைபேசிகளும் சேவையகங்களும் நேரத்தைச் சரியாக வைத்திருக்க அவருடைய வேலை உதவுகிறது.

1969இல் ஆர்பாநெட் தொடங்கியபோது அதன் முதல் நான்கு முனைகளில் ஒன்று, சாண்டா பார்பராவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஐ.பி.எம். 360/75. ஆர்பாநெட்டின் இடைமுகக் கணினி பிட் பிட்டாகத் தரவைக் கைமாற்றும், ஐ.பி.எம். வாய்க்கால் பைட் பைட்டாகப் பேசும். இந்த இரண்டுக்கும் இடையில் தனிப்பட்ட வன்பொருள் தேவைப்பட்டது. இணையத்தின் முன்னோடி வலையமைப்பில் மெயின்பிரேம் தொடக்க ஆண்டிலேயே இருந்திருக்கிறது. "மெயின்பிரேமுக்கு இணையம் பிந்தித்தான் வந்தது" என்று எழுதுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஹைப்பர்சனல் வேறொரு வகை. கன்ரோல் டேட்டாவில் சேமோர் கிரேயுடன் 6600 கணினியில் பணியாற்றிய ஜேம்ஸ் தோர்ன்டன், 1974இல் நெட்வொர்க் சிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனம் செய்த இந்த அமைப்பு, வெவ்வேறு நிறுவனங்களின் பெருங்கணினிகளை ஓரச்சுக் கேபிளில் நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் இணைத்தது. ஐ.பி.எம். பக்கத்தில் அதுவும் ஒரு வாய்க்கால் சாதனம்தான். அதற்கான மென்பொருளையும் அந்த நிறுவனமே வழங்கியது. 1988இல் அதன் மீது ஐ.பி. பொட்டலங்களை அனுப்பும் முறைக்கு, இணைய நெறிமுறைகளை விளக்கும் ஆவண வரிசையில் ஆர்.எப்.சி. 1044 எழுதப்பட்டது.

ஐ.பி.எம். தானே செய்த 7170 என்ற அலகு இவற்றையெல்லாம்விட எனக்கு வியப்பூட்டுவது. போட்டி நிறுவனமான டி.ஈ.சி.யின் கணினிகளில் யுனிபஸ் என்ற இணைப்பு முறையில் செருகும் பலகைகளை ஐ.பி.எம். வாய்க்காலோடு இணைக்க அது இடம் கொடுத்தது. பி.டி.பி.-11 கணினிகளுக்கென்று செய்த ஈதர்நெட் பலகை, அந்த வழியாக மெயின்பிரேமுக்கும் கிடைத்தது. ஐ.பி.எம். மெயின்பிரேமுக்கு ஈதர்நெட் வந்த தொடக்க வழிகளில் இது ஒன்று.

அதன் பின் 1980களின் இறுதியில் 8232, அடுத்து 3172 ஆகியவை வந்தன. 8232 பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கென வலுப்படுத்திய தனிநபர் கணினி. ஒரு பக்கம் ஈதர்நெட் அல்லது டோக்கன் ரிங் (இன்னொரு வலையமைப்பு முறை) அட்டை. மறுபக்கம் வாய்க்கால் இணைப்பு. மெயின்பிரேமுக்கு இது அடுத்தடுத்த இரண்டு முகவரிகளாகத் தெரியும். ஒன்றில் படிக்க மட்டும், மற்றதில் எழுத மட்டும். ஒரு வாய்க்கால் சாதனம் ஒரு நேரத்தில் ஒரு கட்டளை வரிசையையே ஏற்கும். எதிர்முனைச் செய்திக்காகக் காத்திருக்கும் 'படி' கட்டளை அந்த முகவரியை அடைத்துக்கொண்டு நிற்கும். அப்போது எழுத இன்னொரு முகவரி வேண்டும். வயலுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலையும் கழிவுநீர் போகும் வாய்க்காலையும் பிரித்து வெட்டுவது போன்ற ஏற்பாடு.

இந்தப் பெட்டிகளுக்கான ரி.சி.பி./ஐ.பி. மென்பொருள், உரிமத்தோடு விற்கப்பட்ட பிந்திய முறைமைகளுக்கே எழுதப்பட்டது. எம்.வி.எஸ். 3.8 அந்த எல்லைக்கு இப்பால் நிற்கிறது.

மடிக்கணினியில் நடப்பது என்ன?

இனி மாணவரின் மேசைக்குத் திரும்பலாம். ஹெர்குலீஸில் எம்.வி.எஸ். 3.8 ஓடும்போது வெளியுலகோடு அது தொடர்புகொள்ளும் வழிகள் பல. ஒவ்வொன்றிலும் முறைமை எதை நம்புகிறது என்று பார்த்தால் குழப்பம் தெளியும்.

1. 3270 திரை. மாணவர் தன் கணினியிலிருந்தோ பக்கத்து மேசையிலிருந்தோ டெல்நெட் (வலையமைப்பு வழியாக இன்னொரு கணினிக்குள் நுழையும் முறை) வழியாக நுழைகிறார். உண்மையில் ஒரு ரி.சி.பி. இணைப்பு நடக்கிறது. ஆனால் அது ஹெர்குலீஸோடு முடிந்துவிடுகிறது. முறைமையைப் பொறுத்தவரை, அதே கட்டடத்தில் கேபிளால் இணைத்த ஒரு திரை விழித்துக்கொண்டது, அவ்வளவே. "மெயின்பிரேமில் டெல்நெட் ஓடுகிறது" என்று இதை விளங்கிக்கொள்வது தவறு.

2. 2703 கம்பி. ஒரு ரி.சி.பி. இணைப்பைத் தொலைபேசி அழைப்பாக ஹெர்குலீஸ் நடித்துக் காட்டும். மணி அடிக்கிறது, 'இயலச்செய்' கட்டளை நிறைவேறுகிறது. மேலே சொன்ன பிட் திருப்பமும் இங்கே அப்படியே பேணப்படும். பழைய மென்பொருள் அதை எதிர்பார்த்து எழுதப்பட்டதால், நடிப்பும் அந்த அளவுக்கு உண்மையாக இருக்க வேண்டியிருக்கிறது.

3. 3705. இதையும் ஹெர்குலீஸ் நடிக்கும். அப்போது வி.ரி.ஏ.எம். தனக்குத் தெரிந்த எஸ்.என்.ஏ. மொழியில் பேசும்.

4. வாய்க்காலுக்கு-வாய்க்கால் இணைப்பி. ஒரு மெயின்பிரேமின் வாய்க்காலை இன்னொன்றின் வாய்க்காலோடு பொருத்தும் சாதனம் இது. ஹெர்குலீஸ் இதன் மறுமுனையில் ஐ.பி. பொட்டலங்களைக் கையாளும். இங்கும் இரண்டு முகவரிகள். மெயின்பிரேமுக்கான லினக்ஸை உள்ளே ஓடவிட்டால் இந்த வழியில் அது முழுமையாக இணையத்தோடு சேரும். எம்.வி.எஸ். 3.8க்குச் சாதனம் தெரியும்; ஆனால் ஐ.பி. பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் அறிவு அதற்குக் கிடையாது. நான்கு படிகளில் முதல் படியோடு நின்றுபோவது இதுதான். "இணைப்பியைச் சேர்த்தேன், ஏன் பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகவில்லை?" என்ற கேள்விக்கும் இதுவே பதில்.

5. பதினாறின் அடிப்படையில் 75 என்ற கட்டளை எண். சிஸ்டம்/370இல் இந்த எண்ணுக்கு எந்தக் கட்டளையும் ஒதுக்கப்படவில்லை. ஆர்வலர்கள் அதை எடுத்து, நிரல் அந்தக் கட்டளையைச் செய்யும்போது ஹெர்குலீஸே வெளிக் கணினியின் இணைய வசதியைப் பயன்படுத்தும்படி செய்தார்கள். இங்கே வாய்க்கால் இல்லை, முகவரி இல்லை, சாதனமே இல்லை. முறைமைக்குத் தெரியாமல் நிரல் நேரே வெளியே போய் வருகிறது. பயனுள்ள வழிதான். ஆனால் இதை வைத்து "எம்.வி.எஸ். 3.8 ரி.சி.பி./ஐ.பி.யை ஆதரிக்கிறது" என்று எழுதுவது வாசிப்பவரைத் தவறான திசைக்கு அனுப்பும்.

கற்கத் தொடங்குபவருக்கு இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன். ஐந்தாவது வழி விரைவாகப் பலன் தரும். ஆனால் பழைய முறைமையைப் பற்றி எதையும் கற்றுத் தராது. இரண்டு மடிக்கணினிகளும் அவற்றை இணைக்க ஒரு கேபிளும் இருந்தால் போதும். ஒன்றைக் கிளிநொச்சி என்றும் மற்றதை முல்லைத்தீவு என்றும் பெயரிட்டு, இடையில் ஒரு கம்பியைக் கற்பனையாக இழுத்துவிடலாம். 1981இல் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகமும் யேல் பல்கலைக்கழகமும் பிட்நெட் வலையமைப்பைத் தொடங்கியபோது அவர்களிடம் இருந்ததும் ஏறக்குறைய இதுவே: இரண்டு ஐ.பி.எம். மெயின்பிரேம்கள், நடுவே வாடகைக்கு எடுத்த ஒரு தொலைபேசிக் கம்பி. நொடிக்கு 9600 பிட் வேகத்தில் கோப்புகளும் கடிதங்களும் போயின. பெறும் கணினி நின்றிருந்தால் அனுப்பும் கணினி கோப்பை வைத்துக்கொண்டு காத்திருக்கும். மின்சாரமும் இணைப்பும் விட்டுவிட்டு வரும் ஊரில் இந்த முறையின் அருமை தனியாக விளக்காமலே புரியும்.

புதிய எண் ஒன்றைச் சந்தித்தால்

சிஸ்டம்/360இன் பணிசெயல் முறைமையான ஓ.எஸ்./360 காலத்துச் சாதனப் பட்டியலில் 7770 என்றோர் எண் உண்டு. அதை வைத்து நான்கு படிகளையும் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம்.

7770 ஒரு பேசும் பெட்டி. வாடிக்கையாளர் சாதாரணத் தொலைபேசியில் அழைத்து, தன் கணக்கு எண்ணை விசைகளால் அழுத்துவார். மெயின்பிரேம் கணக்கைப் பார்த்துவிட்டு, எந்தெந்தச் சொற்களை எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று பெட்டிக்கு அனுப்பும். பெட்டிக்குள் சுழலும் காந்த உருளையில் மனிதக் குரலில் பதிந்த சொற்கள் இருக்கும். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பெட்டி கம்பியில் பேசும். வங்கிக்கு அழைத்து மீதித் தொகையைக் குரலில் கேட்கும் இன்றைய வசதிக்கு மூத்த உறவு அது.

முகவரிப் படி: உண்டு. சாதன வரியில் அந்த எண்ணை எழுதினால் முறைமை ஏற்றுக்கொள்ளும். பிழை கையாளும் படி: உண்டு. அணுகு முறைப் படி: கியூ.ரி.ஏ.எம். அதனோடு பேச அறியும். பயன்பாட்டு நிரலை மாணவர் தானே எழுதிக்கொள்ளலாம். கணக்கு எண்ணுக்குப் பதில் இரணைமடுவின் இன்றைய நீர்மட்டத்தைக் கேட்டால் சொல்லும்படிகூட எழுதலாம். நான்கு படிகளும் நிறைவேறிவிடும். முறைமை கட்டளையை அனுப்பும். வாய்க்காலின் மறுமுனையில் அந்த உருளையைச் சுழற்றிக் குரல் கொடுக்க ஒன்று வேண்டும். அதை யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். சொற்களைத் தமிழில் பதிவதற்கும் தடை எதுவுமில்லை.